தொள்ளாயிரத்து முப்பத்தாறு பேர்

“ஊர்ல தொள்ளாயிரம் பேருக்கு வேலை குடுத்துட்டேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு வாரீக, என் அடுப்படியில குமிஞ்சு கெடக்கிற பாத்திரத்தைத் தேய்க்க ஒரு ஆளைக் காணோமே, அது எப்புடி?”

நாச்சியம்மை ஆச்சி இதைக் கேட்டது அன்று காலையில் நாலாவது தடவை. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. குரல் மட்டும் தடவைக்கு ஒரு படி ஏறிக்கொண்டிருந்தது.

மெய்யநாதன் செட்டியார் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். பொறுமையாகத் திருத்தினார்.

“தொள்ளாயிரம் இல்லை, நாச்சி. தொள்ளாயிரத்து முப்பத்தாறு.”

“சரி, அந்த முப்பத்தாறுல ஒண்ணை இங்குட்டு அனுப்புங்களேன்.”

மாட்டிக்கொண்டால் செட்டியார் மறுபடி காப்பி கேட்பார். கேட்டார். தேய்த்த தம்ளர் இல்லை என்று பதில் வந்தது.

அது பர்மாவில் நெல் விலை பாதாளத்துக்குப் போய், செட்டியார்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறி ஊர் திரும்பிய காலம். மெய்யநாதன் செட்டியார் திரும்பி இரண்டு வருஷமாகிறது. அதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷம், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சொந்த ஊரான சாத்தங்குண்டில் தலையைக் காட்டிக்கொண்டிருந்த மனிதர். இப்போது மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அடுப்படியில் தலையைக் காட்டினார். ரசத்துக்கு எத்தனை மிளகு என்று விசாரித்தார். பானை மூடியைத் திறந்து பார்த்து, “இதை ஏன் மூடி வச்சிருக்கே?” என்றார். பத்தாயிரம் ஏக்கர் நெல்லுக்கு வழி சொன்னவருக்குப் வேளைக்கு ஆறு தோசையை மேற்பார்வை பார்ப்பது போதவில்லை. தோசைக்கும் அது பிடிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சர்க்காருக்கு ஒரு யோசனை வந்தது. ஜனங்கள் வேலையில்லாமல் தவிக்கிறார்கள், பணத்தை எடுத்து இறைத்தால் இறைத்த இடத்திலெல்லாம் வேலை முளைக்கும் என்று. இறைத்த பணத்தில் ஒரு கைப்பிடி சாத்தங்குண்டு பஞ்சாயத்து போர்டிலும் வந்து விழுந்தது. மேல ஊருணியை ஆழப்படுத்த வேண்டும். வேலை இல்லாதவர்களைக் கொண்டுதான் ஆழப்படுத்த வேண்டும். மேற்பார்வைக்குச் சம்பளம் கிடையாது, மரியாதை மட்டும் உண்டு என்றார்கள். செட்டியார் அன்றே குடையும் கைத்தடியுமாகக் கிளம்பிவிட்டார்.

இருபத்தாறு நாள் ஆயிற்று. சப் கலெக்டர் துரைக்கு ரிப்போர்ட் போயிற்று. ‘இந்த ஊரில் தொள்ளாயிரத்து முப்பத்தாறு பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது’ என்பது அதன் சாரம். போர்டுப் பிரசிடெண்டு நாற்காலி ஆறு மாதமாகக் காலி. அதில் யாரை உட்காரவைப்பது என்பது துரை கையில் இருந்தது. செட்டியார் ராத்தூக்கத்தில்கூட நாற்காலியில் உட்காருகிற தோரணையிலேயே படுத்தார்.

ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தவள் ஆச்சிதான். அவளுடைய அப்பச்சி திருச்சியில் கடை வைத்திருந்த காலத்தில், மகளைக் கன்னிகாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் வரை படிக்கவைத்துவிட்டார். செட்டியாருக்குத் தமிழும் வட்டிக் கணக்கும் பர்மாப் பேச்சும் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் மட்டும் கண்ணுக்கு எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். சாத்தங்குண்டுப் பக்கத்தில் அந்த எறும்பைப் படிக்கத் தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒருத்தர் இரண்டு மைலுக்கு அப்பால் இருக்கிற போஸ்ட் மாஸ்டர். இன்னொருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

“எனக்கு ஒரு சந்தேகம்,” என்றாள் ஆச்சி. சந்தேகம் வந்துவிட்டால் அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்வாள். செருகிக்கொண்டாள்.

“நம்ம ஊர்ல கைப்புள்ள, கெழடு கெட்டை, கோயில் காளை எல்லாத்தையும் சேத்தாலும் எழுநூறு தேறாது. தொள்ளாயிரத்து முப்பத்தாறு பேரு எங்கேருந்து வந்தாக?”

“தினம் முப்பத்தாறு பேரு. இருபத்தாறு நாளு. பெருக்கிப் பாரு.”

“அதே முப்பத்தாறு பேரா?”

“அதே முப்பத்தாறு பேருதான். ஆனா தினமும் புதுசா பேரு எழுதுறோம்ல? தினமும் புதுசா வேலை குடுக்கிறோம்ல?”

ஆச்சி அவரைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். கோபம் போய் ஒரு வேடிக்கை வந்து அவள் கண்ணில் உட்கார்ந்தது.

“நம்ம மூத்தவ கல்யாணத்துக்கு எத்தனை இலை விழுந்துச்சு?”

செட்டியார் நிமிர்ந்தார். “நாலாயிரத்து இருநூறு. காரைக்குடி வரைக்கும் பேசுனாக.”

“சாப்பிட வந்தவுக எத்தனை பேரு?”

“அறுநூறு இருக்கும்.”

“அந்த அறுநூறு வாயிதான் மூணு நாளைக்கு ஏழு வேளை தின்னுச்சு. நீங்க இலையை எண்ணி நாலாயிரத்து இருநூறு பேரு வந்தாகன்னு துரைக்கு எழுதிட்டீக!”

“எல்லாரும் அப்புடித்தானே எண்ணுவாக?” செட்டியாருக்கு நிஜமாகவே புரியவில்லை. கல்யாணம் என்றால் இலையைத்தான் எண்ண வேண்டும். வந்தவர் தலையை எண்ணுவது அவமரியாதை. கல்யாணத்துக்கு ஒரு முறை, ஊருணிக்கு ஒரு முறையா?

அந்த நேரம் பார்த்துத் தபால்காரன் வந்தான். துரை முத்திரை போட்ட நீளமான கவர். ஆச்சி பிரித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். தொள்ளாயிரத்து முப்பத்தாறு என்பது தமக்கு மிகுந்த ஆச்சரியத்தைத் தருவதாகத் துரை எழுதியிருந்தார். எல்லோரையும் பார்க்க அவருக்கு நேரமில்லை. வருகிற வெள்ளிக்கிழமை வருகிறார். முன்னால் வேலையே இல்லாமல் சும்மா இருந்து, இந்தப் பணத்தால் முதல் நாளிலிருந்து வேலை பெற்றவர் ஒரே ஒருவரைக் காட்டினால் போதும். அதைப் பார்த்துவிட்டுப் பிரசிடெண்டு விஷயத்தை முடிவு செய்வார்.

“ஒரே ஒருத்தனா?” செட்டியார் சிரித்தே விட்டார். “பூ! முப்பத்தாறு பேருல எவனை வேணும்னாலும் இழுத்து நிறுத்துறேன்.”

“நானும் வாரேன்,” என்றாள் ஆச்சி. “அப்படி ஒருத்தன் எப்புடி இருப்பான்னு எனக்கும் பாக்கணும்.”

வில்வண்டி ஊருணிக் கரையில் நின்றது. ஆச்சி வண்டிக்குள் இருந்தபடியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதலில் வந்தவள் ஒச்சம்மாள். பத்து வருஷம் ஆச்சி வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். ஊருணி வேலை தொடங்கியதிலிருந்து மண் சுமக்கிறவள்.

“ஏன்டி, நீ சும்மாவா இருந்தே?”

“நானா? நல்லாக் கேட்டீக ஆச்சி! உங்க வீட்டுல சும்மா இருக்க முடியுமா?”

“அப்ப ஏன் விட்டுட்டு வந்தே?”

“இங்குட்டு நாளைக்கு மூணணா. அதோட, ஆச்சி…” ஒச்சம்மாள் கூடையை இறக்கிவைத்தாள். “மண்ணு திரும்பத் தேய்ச்சுட்டு வான்னு சொல்லாது.”

கரையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆச்சிக்கு மூக்கு சிவந்தது. ஆனாலும் பதில் நியாயமாக இருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

அடுத்து மலையாண்டி. வெட்டுகிற ஆட்களுக்கு மூத்தவன், தோளில் மம்பட்டி.

“நான் செங்கக் காளவாசல்ல இருந்தேன் ஆச்சி. நானும் என் கூட்டாளி பதினோரு பேரும். இங்குட்டு கூலி கூடன்னதும் வந்துட்டோம்.”

“காளவாசல் என்னாச்சு?”

“ஆளு இல்லாம அணைச்சுப்புட்டாக. செங்க ஏத்துற வண்டிக்காரன் ரெண்டு பேரு வேலையில்லாம மாட்டைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கான்.”

ஆச்சி வண்டித் திரையை விலக்கிப் புருஷனைப் பார்த்தாள்.

“கேட்டீகளா? வேலை போனவுக ரெண்டு பேரு. அதை ரிப்போர்ட்டுல எழுதலையே?”

“அது… அது வேற தலைப்பு,” என்றார் செட்டியார்.

மற்றவர்களும் வந்தார்கள். நாலு பேர் சிங்கம்புணரியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தவர்கள். ஆறு பேர் கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்கள். அந்த வீடு இப்போது பாதிச் சுவரோடு நிற்கிறது. மிச்சப் பேர் கடலைக் காட்டிலும் மாட்டுத் தொழுவத்திலும் இருந்தவர்கள். முப்பத்தாறு பேரையும் கேட்டாயிற்று. சும்மா இருந்தவன் ஒருவன்கூட இல்லை.

செட்டியார் மலையாண்டியைத் தனியே கூப்பிட்டார்.

“மலையாண்டி, வெள்ளிக்கிழமை துரை கேட்டா, சும்மாதான் கெடந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிருப்பா. உனக்கென்ன குறைஞ்சு போகுது?”

மலையாண்டி மம்பட்டியைத் தரையில் ஊன்றினான்.

“முதலாளி, என் மகனுக்குப் பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்கேன். அப்பன் சும்மா கெடந்தவன்னு வெள்ளைக்காரன் காயிதத்துல ஏறிப்போச்சுன்னா எவன் பொண்ணு குடுப்பான்? மண்ணை வேணும்னா ரெண்டு கூடை கூட வெட்டுறேன். அந்தச் சொல்லு மட்டும் வேணாம்.”

திரும்பி வரும் வழியில் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஏழு பேர் படுத்திருந்தார்கள். ஆச்சி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“ஏப்பா, உங்களுக்கெல்லாம் வேலை இருக்கா?”

“வேலை இருந்தா பகல்ல இங்க ஏன் ஆச்சி படுத்திருக்கோம்?”

“ஊருணியில வேலை குடுக்கிறாகளே, போகலையா?”

“போனோம். மம்பட்டியும் கூடையும் அவனவன் சொந்தமாக் கொண்டாரணும்னு செட்டியார் சொல்லிட்டாக. மம்பட்டி இருந்தா எங்களை எவனாச்சும் கூப்பிட மாட்டானா?”

வண்டி நகர்ந்தது. செட்டியாருக்கு இப்போதுதான் ஒரு பெரிய விஷயம் மெல்ல உறைத்தது. மம்பட்டி வாங்கும் செலவைச் சர்க்காருக்கு மிச்சப்படுத்தியது அவர்தான். அதைத் தனி வரியாக ரிப்போர்ட்டிலும் சேர்த்திருந்தார்.

“இவங்கள்ல ஒருத்தனுக்கு இப்பவே மம்பட்டி வாங்கிக் குடுத்துட்டா?”

“முதல் நாள்லேருந்து வேலையில இருந்தவனாத்தான் இருக்கணும்னு எழுதியிருக்காரு துரை.”

“அப்ப நாற்காலி போச்சு.” செட்டியார் குடையைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்தார். “நாச்சி, எனக்கு மானம் போயிரும். பர்மாவுல போனது போக மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.”

வீட்டு வாசல் வந்ததும் ஆச்சி சொன்னாள்.

“எனக்கு ஒருத்தரைத் தெரியும்.”

“யாரை?”

“ரெண்டு வருஷமாச் சுத்தமா வேலை இல்லாம இருந்தவுக. ஊருணி வேலை ஆரம்பிச்ச முதல் நாள்லேருந்து தினம் போறாக. பொய்யே சொல்ல வேண்டாம்.”

“அப்படி ஒருத்தன் என் கண்ணுல படாம எப்புடி? யாரு? எந்தத் தெரு?”

“கேக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை நான் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இங்கிலீஷ்ல துரைகிட்டச் சொல்லிக்கிறேன். நீங்க தலையை மட்டும் ஆட்டணும். ஒச்சம்மா திரும்ப என் வீட்டுக்கு வரணும். சம்மதமா?”

“சம்மதம், சம்மதம்! மூணணா கேப்பா.”

“குடுத்துக்கிறேன். கேட்டதுல தப்பில்லை.”

மூன்று நாள் செட்டியார் அந்த ஆளைத் தேடினார். யார் எதிரே வந்தாலும் மேலும் கீழும் பார்த்தார். நாவிதரிடம் விசாரித்தார். நெல் மூட்டை அடுக்கிய கிட்டங்கிக் காவல்காரனைச் சந்தேகித்தார். ஒரு நாள் ஊருணியில் ஒவ்வொரு முகமாக எண்ணினார். முப்பத்தாறுதான் வந்தது. முப்பத்தேழாவது ஆள் எங்கே ஒளிந்திருக்கிறான்? ஆவல் தாங்காமல் சாப்பாட்டில் பாதி குறைந்தது. “ஒரு எழுத்து மட்டும் சொல்லு” என்று கெஞ்சினார். ஆச்சி மோருக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்; தாளிதம் மட்டும் பேசியது.

வெள்ளிக்கிழமை மோட்டார் வந்தது. துரைக்கு வயது முப்பதுகூட இராது. தமிழில் அவருக்குத் தெரிந்தது ‘நல்லது’, ‘போதும்’ இரண்டும்தான். கூட வர வேண்டிய குமாஸ்தா, காரைக்குடியில் சாப்பிட்ட ஏதோ ஒன்றினால் அங்கேயே தங்கிவிட்டார். வீட்டு முகப்பில் நாற்காலி போட்டு, கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் வைத்தார்கள். துரை ஒன்று தின்றார். ‘நல்லது’ என்றார். ஐந்து தின்ற பிறகு ‘போதும்’ என்றார். பிறகு இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஆச்சியின் இங்கிலீஷ் புறப்பட்டது. துரை கையைத் துடைத்தபடி திரும்பினார். வெண்கலத் தாம்பாளத்தில் சில்லறையைக் கொட்டியதுபோல் இருந்தது செட்டியாருக்கு. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் பெருமையாகத் தலையை ஆட்டினார். அவருக்குப் புரியாவிட்டாலும் நமக்குப் புரியட்டும். ஆச்சி சொன்னது இதுதான்:

“இந்த மனிதருக்கு வயது நாற்பத்தெட்டு. பர்மாவிலிருந்து திரும்பி இரண்டு வருஷமாக ஒரு வேலையும் இல்லை.”

செட்டியார் தலையை ஆட்டினார்.

“பொழுதெல்லாம் சமையற்கட்டில் நின்று மிளகு எண்ணுவார். வீட்டில் எட்டுப் பானைகள் இருக்கின்றன. எட்டையும் திறந்து பார்ப்பார்.”

செட்டியார் பலமாக ஆட்டினார்.

“சர்க்கார் பணம் வந்தது. முதல் நாளிலிருந்து காலை எட்டு மணிக்குப் போய்ப் பதினொரு மணிக்குத் திரும்புகிறார். பசி எடுக்கிறது. தூக்கம் வருகிறது. வீட்டில் அந்த மூன்று மணி நேரம் அமைதி. இவ்வளவு பணத்தில் இந்த ஊரில் வேலை பெற்றவர் இவர் ஒருவர்தான். மற்ற முப்பத்தாறு பேர் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள். நிஜமாகவே வேலையில்லாத ஏழு பேர் மம்பட்டி இல்லாமல் கோயில் மண்டபத்தில் படுத்திருக்கிறார்கள்.”

துரை செட்டியாரைப் பார்த்தார். “எஸ்?” என்றார்.

“எஸ், எஸ்!” என்றார் செட்டியார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் அதில் செலவாகிவிட்டது.

துரை சிரிக்கத் தொடங்கினார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். செட்டியாரும் மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார். துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து முழங்காலில் வைத்து நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆறாவது பணியாரத்தை எடுத்துக்கொண்டு மோட்டாரில் ஏறினார்.

மோட்டார்ப் புழுதி அடங்குமுன் செட்டியார் காகிதத்தோடு உள்முற்றத்து வளவுக்குள் ஓடினார்.

“கையைக் குலுக்கிட்டாரு நாச்சி! நாற்காலி நமக்குத்தான். வாசி, வாசி!”

ஆச்சி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாக வாசித்துச் சொன்னாள்.

“முப்பத்தாறு பேரும் அவுகவுக பழைய வேலைக்குத் திரும்பணும். மண்டபத்துல படுத்திருக்கிற ஏழு பேருக்குச் சர்க்கார் பணத்துல மம்பட்டியும் கூடையும் வாங்கிக் குடுக்கணும். அவுகதான் இனிமே ஊருணியை வெட்டணும்.”

“சரி.”

“மம்பட்டி மதுரையிலேருந்து வர்ற வரைக்கும் ஊருணியில அளவுக் கயிறும் முளைக்குச்சியும் களவு போயிறாம மேற்பார்வைக்காரர் காலையில ஆறு மணியிலேருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அங்கேயே இருக்கணும்.”

“ஆறு மணி வரைக்குமா?”

“மதியச் சாப்பாடு தூக்குல போகணும். வீட்டுக்கு வரக்கூடாது.”

“அதையும் துரையா எழுதியிருக்காரு?”

“ஞாயித்துக்கிழமையும் உண்டு.”

செட்டியார் எட்டிப் பார்த்தார். எறும்புகள் நாலே வரிசையாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

“இவ்வளவும் நாலு வரியிலயா இருக்கு?”

“இங்கிலீஷ் சுருக்கமான பாஷை,” என்றாள் ஆச்சி.

“பிரசிடெண்டு? அதைப் பத்தி?”

ஆச்சி காகிதத்தை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் செருகி, மேலே இரண்டு தட்டுத் தட்டினாள். அடுப்படியில் ஒச்சம்மாள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. ஆச்சி அங்கே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் செட்டியார் ஊருணியில் இருந்தார். காளவாசலில் புகை எழுந்தது. வண்டிக்காரர்கள் செங்கல் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோட்டையூர்ச் சுண்ணாம்பு அரைபடும் சத்தம் காற்றில் வந்தது. ஊரே வேலையில் இருந்தது. ஊருணியில் முளைக்குச்சிகளும் கயிறும் செட்டியாரும் இருந்தார்கள்.

பத்து மணிக்குக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். நாலு வரி. இரண்டாவது வரியில் ஒரு பெரிய எழுத்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த மனிதனைப்போல இருந்தது. அதுதான் பிரசிடெண்டோ? துரை கையைக் குலுக்கியது வெறும் மேற்பார்வைக்கா? போஸ்ட் மாஸ்டரிடம் காட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். போஸ்ட் ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும். ஐந்து மணிக்கு மூடும்.

கரையில் ஒரு மாட்டுவண்டி வந்தது. செட்டியார் காகிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊருணியின் அடியிலிருந்து ஓடி மேலேறினார். வண்டிக்காரன் முன்பக்க மூக்கணையில் சாய்ந்து நல்ல தூக்கத்தில் இருந்தான். மாடுகள் நிற்காமல் போயின.

“ஏப்பா, இங்கிலீஷ் தெரிஞ்சவுக யாராச்சும் இருந்தா இங்குட்டு வந்து, இந்த நாலு வரியை மட்டும் படிச்சுச் சொல்லிட்டுப் போங்களேன்!”